‘1,000’ என்கிறது பெட்டி... உள்ளே எத்தனை? எண்ணாமலேயே எண்ணுவது எப்படி?

இணையத்தில் ஒரு பொருளை மொத்தமாக வாங்குகிறீர்கள். பெட்டியின் மேல் ‘1,000’ என்று அச்சிட்டிருக்கிறது. உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பீர்களா?

பெரும்பாலோர் பார்க்கமாட்டோம். “இருக்கும், விடு” என்று அப்படியே அலமாரியில் வைத்துவிடுவோம்.

அமெரிக்காவில் சிலருக்கு அப்படி விட மனம் வராது. சுட்டு முடித்த துப்பாக்கித் தோட்டாக்களின் கூடுகளை எடுத்து, வீட்டிலேயே மறுபடி நிரப்பிப் பயன்படுத்தும் பொழுதுபோக்காளர்கள் அவர்கள். குறிசுடும் போட்டிகளில் கலந்துகொள்வோர், வேட்டைக்குச் செல்வோர் எனப் பல வகையினர் அதில் உண்டு. ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னப் பாகங்களை வாங்கும் அவர்கள், பெட்டி வந்ததும் தராசைத்தான் தேடுவார்கள்.

சிங்கப்பூரில் துப்பாக்கி, தோட்டா தொடர்பான சட்டங்கள் மிகக் கடுமை. அதனால் இது ‘நீங்களும் செய்து பாருங்கள்’ வகை விளக்கம் அன்று. ஆனால் அவர்கள் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் விதத்தில் எதை மொத்தமாக வாங்கினாலும் உதவக்கூடிய ஒரு பாடம் இருக்கிறது. தராசு எதைச் சரியாகச் சொல்லும்? எதைச் சொல்லவே சொல்லாது?

ஒரு தோட்டாவில் என்னென்ன இருக்கும்?

நான்கு பாகங்கள்:

- கூடு: பெரும்பாலும் பித்தளையால் ஆனது. மற்ற மூன்றையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும்.
- பிரைமர்: கூட்டின் அடிப்பகுதியில் சின்னப் பொத்தான் போல் இருக்கும். துப்பாக்கியின் ஊசி அதைத் தட்டும்போது தீப்பொறி கிளம்பும்.
- வெடிமருந்து: அந்தப் பொறியில் எரிந்து, வாயுவாகி, அழுத்தத்தை உண்டாக்கும்.
- குண்டு: அழுத்தத்தில் பறந்து செல்லும் முனை. பெரும்பாலும் ஈயம், அதன்மேல் செம்பு உறை.

சுட்டவுடன் மூன்று பாகங்கள் செலவாகிவிடும். பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். அந்தக் கூட்டைச் சுத்தம் செய்து, புதிய பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்துவதுதான் ‘ரீலோடிங்’.

அமெரிக்க மத்திய சட்டப்படி, சொந்தப் பயன்பாட்டுக்கு இப்படிச் செய்ய உரிமம் தேவையில்லை. செய்து விற்பனை செய்ய வேண்டுமென்றால் உரிமம் கட்டாயம்.

ஏன் இவ்வளவு மொத்தமாக வாங்குகிறார்கள்?

ஒன்று, அனுப்பும் செலவு. பிரைமரும் வெடிமருந்தும் அபாயகரப் பொருள்கள். அவற்றை அனுப்பத் தனிக் கட்டணம் உண்டு. 100 பிரைமர் வாங்கினாலும் அந்தக் கட்டணம்தான், 5,000 வாங்கினாலும் அந்தக் கட்டணம்தான். அப்படி இருக்கும்போது யார் 100 வாங்குவார்கள்?

இரண்டு, ஒரே தரம். ஒரே தொகுப்பில் தயாரான வெடிமருந்து ஏறக்குறைய ஒரே மாதிரி எரியும். தொகுப்பு மாறினால் வேகமும் கொஞ்சம் மாறலாம். போட்டியாளர்களுக்கு அந்தக் ‘கொஞ்சம்’ ரொம்ப முக்கியம்.

மூன்று, தட்டுப்பாட்டு பயம். கொவிட்-19 நோய்ப்பரவல் தொடங்கிய 2020ஆம் ஆண்டில் துப்பாக்கி வாங்குவோர் எண்ணிக்கை அங்கே எகிறியது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் எஃப்பிஐயின் பின்னணிச் சோதனைகள் 39 மில்லியனைத் தாண்டின. அதே ஆண்டில் புகழ்பெற்ற ரெமிங்டன் நிறுவனம் நொடித்துப்போனது. ஆர்கன்சா மாநிலத்தின் லோனோக் நகரில் இருந்த அதன் தோட்டா ஆலையை விஸ்டா அவுட்டோர் நிறுவனம் வாங்கியது. கடைகளில் பிரைமர் கிடைப்பதே குதிரைக்கொம்பானது. கிடைத்தபோது விலை எங்கோ போயிருந்தது.

மாதக்கணக்கில் காத்திருந்து, அதிக விலை கொடுத்து வாங்கிய பெட்டியில் ஐம்பது குறைந்தால் யாருக்குத்தான் வலிக்காது? ஆனால் பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

குண்டு: தராசே எண்ணிச் சொல்லும்

நான்கு பாகங்களில் எண்ணுவதற்கு மிகச் சுலபமானது குண்டுதான். ஒரே அச்சில் வார்த்த மாதிரி எல்லாம் ஏறக்குறைய ஒரே எடை. கையில் எடுத்துக் கொட்டலாம், அளக்கலாம். தானாக வெடிக்காது.

குண்டின் எடையைக் ‘கிரெயின்’ என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிரெயின் என்பது 0.0648 கிராம். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். தானிய மணியின் எடையிலிருந்து பிறந்த அலகு அது. ‘அட, இது நம்ம குன்றிமணி மாதிரி!’ என்று தோன்றுகிறதா? அதே யோசனைதான். தங்கம் நிறுக்க நம்மவர்கள் குன்றிமணியை வைத்தார்கள். இந்த வட்டாரத்தில் சாகா மரத்தின் சிவப்பு விதைகளும் அதற்குப் பயன்பட்டன.

சரி, கணக்குக்கு வருவோம். 9 மில்லிமீட்டர் துப்பாக்கிகளில் பரவலாகப் பயன்படும் ஒரு குண்டின் எடை 124 கிரெயின், அதாவது 8.035 கிராம். அப்படியென்றால் 1,000 குண்டுகள் 8.035 கிலோகிராம் இருக்க வேண்டும்.

வழி எளிது:

1. சில குண்டுகளை எண்ணி எடுத்து, மாதிரியாக நிறுத்துப் பாருங்கள்.
2. அந்த எடையை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு குண்டின் சராசரி எடை கிடைக்கும்.
3. மொத்த எடையிலிருந்து பெட்டி, பை ஆகியவற்றின் எடையைக் கழியுங்கள்.
4. மீதியைச் சராசரியால் வகுங்கள். அதுதான் எண்ணிக்கை.

“இவ்வளவுதானா? இதுக்கு ஒரு கட்டுரையா?” என்று கேட்காதீர்கள். தவறு நடப்பது முதல் படியில்தான்.

வீட்டுச் சமையலறைத் தராசு பெரும்பாலும் 1 கிராமுக்குக் கீழ் காட்டாது. அதில் 10 குண்டுகளை வைத்தால் உண்மையான எடை 80.35 கிராம். திரையில் தெரிவது 80. பத்தால் வகுத்தால் ஒரு குண்டு 8 கிராம். இப்போது 8,035 கிராமை எட்டால் வகுத்துப் பாருங்கள். 1,004 வரும்!

பெட்டியில் இருப்பது சரியாக 1,000. தராசு நான்கு கூடுதல் என்கிறது. அதே தவறு வேறொரு எடையில் நான்கு குறைவு என்றும் காட்டியிருக்கும். நீங்கள் விற்பனையாளரிடம் சண்டைக்குப் போயிருப்பீர்கள்.

மாதிரியை 100ஆக உயர்த்தினால்? உண்மையான எடை 803.5 கிராம். திரை 803 அல்லது 804 என்று காட்டும். ஒரு குண்டு 8.03 அல்லது 8.04 கிராம். விடை 1,001 அல்லது 999. தராசு அதேதான், குண்டுகளும் அவையேதான். மாதிரி பெரிதானதும் பிழை நான்கிலிருந்து ஒன்றுக்கு இறங்கிவிட்டது.

காரணம் எளிது. தராசின் அரை கிராம் தடுமாற்றம் பத்துக் குண்டுகளுக்குப் பகிரப்படும்போது ஒவ்வொன்றின் பங்கும் பெரிது. நூறுக்குப் பகிரப்படும்போது சிறிது.

குண்டுக்குக் குண்டு எடை கொஞ்சம் கூடலாம், குறையலாம். அதுவும் பெரிய மாதிரியில் தானே சரியாகிவிடும். ஒன்றின் கூடுதலை இன்னொன்றின் குறைவு ஈடுகட்டும்.

இன்னொன்று: சமையலறைத் தராசுகள் பல 5 கிலோகிராமுக்கு மேல் தாங்காது. 8 கிலோவை இரண்டு பங்காக நிறுக்க வேண்டும். இரண்டு முறை நிறுத்தால் பிழையும் இரண்டு முறை வரும். ஆனால் ஆயிரக்கணக்கான கிராமில் அது பொருட்டே இல்லை. கவனம் முழுக்க மாதிரியில் இருக்கட்டும்.

பெட்டி கிழிந்து வந்தால்?

குண்டு மட்டும் தனியாக இருந்தால் அது வெறும் உலோகம். அதை அமெரிக்காவில் சாதாரண அஞ்சலிலேயே அனுப்பலாம். அங்கே ‘ஒரே கட்டணப் பெட்டி’ என்று ஒன்று உண்டு. உள்நாட்டில் 70 பவுண்டு வரை எடை எவ்வளவு இருந்தாலும் ஒரே கட்டணம். ஈயத்தை அனுப்ப இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

சிக்கலும் அங்கேதான். கையடக்கமான அட்டைப் பெட்டிக்குள் 8, 10 கிலோ ஈயம். வழியில் ஒருமுறை கீழே விழுந்தால் மூலை பிய்ந்துவிடும். குண்டுகள் ஒவ்வொன்றாக வழியெங்கும் சிந்தலாம்.

அதனால் அனுபவசாலிகள் பெட்டியைத் திறக்கும் முன்னரே நிறுப்பார்கள். தராசின் திரையும் பெட்டியின் கிழிசலும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். திறந்து, கொட்டி, கலந்துவிட்ட பிறகு “எண்ணிக்கை குறைகிறது” என்றால் யார் நம்புவார்? எந்தப் பொருளை இணையத்தில் வாங்கினாலும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

கூடு: இங்கே தராசு தடுமாறும்

புதிய கூடு விலை அதிகம். ஒருமுறை சுட்ட பழைய கூடுகள் மலிவு. அவற்றை ஆயிரக்கணக்கில் மூட்டையாக விற்பவர்கள் உண்டு. சிலர் எண்ணிக்கையில் விற்பார்கள், சிலர் எடையில் விற்பார்கள்.

9 மில்லிமீட்டர் கூடு ஒன்று சுமார் 4 கிராம் இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கூடு இல்லையே! சுடுதளத்தில் பொறுக்கிய மூட்டையில் பத்துப் பதினைந்து நிறுவனங்களின் கூடுகள் கலந்திருக்கும். ஒவ்வொன்றின் சுவர்த் தடிப்பும் வேறு, எடையும் வேறு.

தராசு ஏமாறும் இடங்கள் இவை:

- சுட்ட பிரைமர் இன்னும் உள்ளே இருக்கலாம். அதன் எடை ஏறக்குறைய 0.2 கிராம். பிரைமரை எடுத்துவிட்ட 3.8 கிராம் கூடுகளை மாதிரியாக வைத்துக்கொண்டு, பிரைமரோடு இருக்கும் 1,000 கூடுகளை நிறுத்தால் விடை 1,052க்கு மேல் வரும்.
- தண்ணீரில் கழுவிய கூடுகள் சரியாகக் காயாமல் இருக்கலாம். தண்ணீருக்கும் சேர்த்துத்தான் தராசு கணக்குச் சொல்லும்.
- பெரிய கூட்டுக்குள் சின்னக் கூடு புகுந்து ஒளிந்திருக்கலாம். பார்த்தால் ஒன்று, நிறுத்தால் ஒன்றரை.
- பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் வேறு அளவுக் கூடுகள் கலந்திருக்கலாம். 9 மில்லிமீட்டர் மூட்டையில் .380 அளவுக் கூடு கிடப்பது சாதாரணம். அது கொஞ்சம் குட்டை.
- எஃகுக் கூடுகள் கலந்திருக்கலாம். பித்தளையைக் காந்தம் இழுக்காது, எஃகை இழுக்கும். ஒரு காந்தத்தை மூட்டைக்குள் விட்டு எடுத்தால் போதும்.

ஆக, கூடுகளை நிறுத்து எண்ண வேண்டும் என்றால் முதலில் தரம் பிரிக்க வேண்டும். மாதிரியையும் மேலாக அள்ளாமல், மூட்டையின் மேல், நடு, அடி என மூன்று இடங்களிலும் எடுக்க வேண்டும். குலுக்கும்போது கனமானவை ஓரிடத்திலும் லேசானவை வேறிடத்திலும் சேர்ந்துவிடும்.

நசுங்கியவை, விரிசல் விட்டவை எப்படியும் சில இருக்கும். அதற்காகவே கொஞ்சம் கூடுதலாகப் போட்டு அனுப்பும் விற்பனையாளர்களும் உண்டு. ‘1,000’ என்பது மூட்டையில் கிடக்கும் எண்ணிக்கையா, பயன்படக்கூடியவற்றின் எண்ணிக்கையா? வாங்கும் முன்னரே கேட்டுத் தெளிவதுதான் புத்திசாலித்தனம்.

பிரைமர்: கொட்டாதே, நிறுக்காதே

குண்டைக் கொட்டி எண்ணலாம். கூட்டைக் கொட்டி எண்ணலாம். பிரைமரைக் கொட்டவே கூடாது.

ஒரு பிரைமர் அளவில் மிகச் சிறியது. ஆனால் தட்டினால், சூடானால், நிலைமின்சாரப் பொறி பட்டால்கூட வெடிக்கக்கூடியது. ஒன்றாகக் குவித்து வைத்திருந்தால் ஒன்று வெடித்து மற்ற அனைத்தையும் ஒரே நொடியில் வெடிக்கவைக்கும். கண்ணாடிப் புட்டியிலோ டப்பாவிலோ கொட்டி வைப்பது கையெறி குண்டு செய்து வைப்பதற்குச் சமம்.

அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டு முதல் இயங்கும் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் கழகமான ‘சாமி’ இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பிரைமர்களை ஆலையிலிருந்து வந்த பொட்டலத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை.

அப்படியென்றால் எண்ணுவது எப்படி? பொட்டலமே எண்ணித் தரும். பரவலான வழக்கப்படி ஒரு தட்டில் 100 பிரைமர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழி, இடையில் இடைவெளி. 10 தட்டுகள் சேர்ந்தால் 1,000. அதைச் ‘செங்கல்’ என்று பொருள்படும் ‘பிரிக்’ என்ற சொல்லால் அழைக்கிறார்கள். 5 பிரிக் சேர்ந்தால் 5,000 கொண்ட பெரிய பெட்டி.

தட்டை எடுத்துப் பார்த்தால் போதும். காலியான குழி கண்ணுக்குத் தெரியும். முத்திரை பிரிக்கப்பட்டிருக்கிறதா, தொகுப்பு எண் எல்லாப் பெட்டியிலும் ஒன்றா என்று பார்க்கலாம். தராசுக்கு இங்கே வேலை இல்லை.

முட்டைத் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 30 முட்டை இருக்கிறதா என்று பார்க்க யாராவது தட்டைக் கவிழ்ப்பார்களா?

வெடிமருந்து: எண்ணிக்கை இல்லை, எடை மட்டும்

வெடிமருந்தை 1 பவுண்டு, 8 பவுண்டு கலன்களில் விற்பார்கள். 1 பவுண்டு என்பது 453.6 கிராம். 8 பவுண்டு 3.63 கிலோகிராம்.

சரிபார்க்க அதை வேறு பாத்திரத்தில் கொட்ட வேண்டியதில்லை. கொட்டவும் கூடாது. பெயரில்லாத கலனில் இருக்கும் வெடிமருந்து எந்த வகை என்று பிறகு யாருக்கும் தெரியாது. ஒரு வகைக்குப் பதில் இன்னொரு வகையைப் போட்டால் துப்பாக்கியே சிதறலாம்.

ஒரே மாதிரிக் கலன்கள் இரண்டு மூன்று இருந்தால் மூடியோடு நிறுத்து ஒப்பிடலாம். ஒன்று மட்டும் தெளிவாகக் குறைந்தால் சந்தேகப்படலாம். ஒரு கலன் காலியானதும் அதன் வெற்று எடையைக் குறித்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை கணக்கு இன்னும் துல்லியமாகும். காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப வெடிமருந்தின் எடை சற்றே மாறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது. எடுத்துக்காட்டுக்கு, ஒரு தோட்டாவுக்கு 5 கிரெயின் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 பவுண்டு 1,400 தோட்டாக்களுக்கு வரும். 8 பவுண்டு 11,200க்கு வரும்.

ஆனால் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதித்தொகுப்பு, ஒரு வீட்டில் 10,000 பிரைமர்களுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்கிறது. வெடிமருந்தை அதன் அசல் கலனில் 20 பவுண்டு வரை வைத்திருக்கலாம். அதற்குமேல் 50 பவுண்டு வரை வைக்க, ஓர் அங்குலத் தடிப்புள்ள மரப்பெட்டி வேண்டும். வட்டாரத்துக்கு வட்டாரம் விதிகள் இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம்.

ஆக, ஒரே ஒரு பெரிய கலன் வெடிமருந்துக்கு ஈடான பிரைமர்களைக்கூட வீட்டில் ஒரே நேரத்தில் வைக்க முடியாது! எவ்வளவு வந்திருக்கிறது என்பதோடு, ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பதையும் எண்ண வேண்டியிருக்கிறது.

மிச்சம் ஒன்று இருந்தால், ஏதோ தவறு

இப்போது அந்தப் பெரிய காரணத்துக்கு வருவோம்.

கவனமாகச் செய்பவர்கள் ஒரு நேரத்தில் 50 தோட்டாக்களை மட்டும் நிரப்புவார்கள். 50 கூடு, 50 பிரைமர், 50 குண்டு எண்ணி எடுத்து வைப்பார்கள். வேலை முடிந்ததும் மேசையில் எதுவும் மிஞ்சக்கூடாது.

ஒரு பிரைமர் மிஞ்சினால்? ஏதோ ஒரு தோட்டாவில் பிரைமர் இல்லை. ஒரு குண்டு மிஞ்சினால்? ஒரு கூடு எங்கோ விழுந்திருக்கிறது. எண்ணிக்கை பொருந்தாவிட்டால் அந்த 50ஐயும் ஒதுக்கி வைத்துவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும்.

பெட்டியில் 1,000 என்று நம்பி, உண்மையில் 998 இருந்தால், கடைசித் தொகுதியில் இந்தக் கணக்கு தப்பும். “பெட்டியிலேயே குறைவாத்தான் இருந்திருக்கும்” என்று மனம் சமாதானம் சொல்லும். அந்தச் சமாதானம்தான் ஆபத்து. தொடக்கத்திலேயே எண்ணிக்கை சரி என்று தெரிந்திருந்தால், கடைசியில் வரும் வித்தியாசம் ஓர் எச்சரிக்கை மணி. தெரியாவிட்டால் அது வெறும் குழப்பம்.

இந்த முறையில் சிக்காத தவறு ஒன்று உண்டு. அது வெடிமருந்து.

ஒரு கூட்டில் வெடிமருந்தே போடாமல் மூடிவிட்டால், பிரைமரின் விசை மட்டும் குண்டைக் குழாய்க்குள் கொஞ்ச தூரம் தள்ளும். குண்டு அங்கேயே சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கிக் குழாய் பிளக்கலாம். கையும் கண்ணும் போகலாம். இருமுறை வெடிமருந்து போட்டுவிட்டாலும் அழுத்தம் எல்லை மீறும்.

“அதான் தராசு இருக்கே! ஒவ்வொரு தோட்டாவையும் நிறுத்துப் பார்த்தா தெரிஞ்சிடாதா?”

தெரியாது. இங்கேதான் தராசு கைவிரிக்கிறது.

ஒரு தோட்டாவில் இருக்கும் வெடிமருந்து 5 கிரெயின் என்று வைத்தோம். அது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட... சரியாகச் சொன்னால் 0.32 கிராம். பல நிறுவனங்களின் கூடுகள் கலந்திருந்தால், கூட்டுக்குக் கூடு எடை வித்தியாசமே அதற்கு இணையாக வந்துவிடும். கனமான கூட்டில் வெடிமருந்து இல்லாமல் இருக்கலாம். லேசான கூட்டில் சரியாக இருக்கலாம். இரண்டும் தராசில் ஒரே எடை காட்டும்.

அதனால் அந்தச் சோதனையைக் கண்தான் செய்ய வேண்டும். குண்டைப் பொருத்தும் முன், கூடுகளை அடுக்கி வைத்து, விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றின் உள்ளேயும் எட்டிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் வெடிமருந்து ஒரே உயரத்துக்கு இருக்கிறதா? ஒன்று மட்டும் பள்ளமாக, அல்லது மேடாக இருக்கிறதா?

விலை உயர்ந்த மின்னியல் தராசு சொல்லாததை ஒரு கைவிளக்கு சொல்லிவிடும்.

குறைந்தால் யாரிடம் போவது?

அமெரிக்காவில் பொட்டலங்களில் அச்சிட்ட அளவு சரியா என்று சோதிக்க அதிகாரிகள் பயன்படுத்தும் கையேடு ஒன்று உண்டு. தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் வெளியிடும் ‘கையேடு 133’. எடைக்கும் எண்ணிக்கைக்கும் அதில் தனித்தனிச் சோதனை முறைகள் இருக்கின்றன.

அதன் அடிப்படை நியாயமானது. ஒவ்வொரு பொட்டலத்திலும் இம்மி பிசகாமல் அதே அளவு இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்ப்பதில்லை. ஆனால் மொத்தத் தொகுப்பின் சராசரி, அச்சிட்ட அளவுக்குக் குறையக்கூடாது. எந்த ஒரு பொட்டலமும் அனுமதித்த வரம்புக்குமேல் குறையக்கூடாது.

வாங்கியவர் செய்ய வேண்டியவை எளிமையானவை:

- திறக்கும் முன் நிறுத்துப் படம் எடுப்பது
- தொகுப்பு எண்ணையும் ரசீதையும் வைத்திருப்பது
- மாதிரி எவ்வளவு, ஒன்றின் எடை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று கணக்கைக் காட்டுவது
- வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தால், கையால் ஒருமுறை எண்ணிவிட்டுப் புகார் செய்வது

ஒன்றிரண்டு வித்தியாசத்துக்குத் தராசைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். அது தராசின் சொந்தப் பிழையாகவே இருக்கலாம். இருபது, முப்பது குறைந்தால் அது வேறு கதை.

சிங்கப்பூரில் எண்ணிக்கை ஏன் இன்னும் முக்கியம்?

அமெரிக்காவில் எண்ணுவது வாங்கியவரின் விருப்பம். இங்கே அது கட்டாயக் கடமை.

தேசியச் சேவை முடித்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். சுடும் பயிற்சி முடிந்ததும் வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி ஒப்படைக்க வேண்டும். பிறகு, தங்களிடம் தோட்டாவோ வெற்றுக் கூடோ எதுவும் இல்லை என்று ஒவ்வொருவரும் உரக்க அறிவிக்க வேண்டும். நீங்கள் போகவில்லை என்றால் அண்ணனிடமோ அப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள். எண்ணிக்கை பொருந்தும்வரை புல்லுக்குள் தேடிய கதை நிச்சயம் ஒன்று இருக்கும்.

அந்தக் கண்டிப்புக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் கிடைக்கலாம். துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுக்கான புதிய சட்டத்தையும் 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

வெளிநாட்டுப் பயணத்தில் ‘வெறும் கூடுதானே’ என்று நினைவுப்பொருளாக எதையும் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம். அமெரிக்க மத்திய சட்டமே ‘தோட்டா’ என்ற சொல்லுக்குள் கூடு, பிரைமர், குண்டு, வெடிமருந்து நான்கையும் சேர்த்துத்தான் வரையறுக்கிறது.

வீட்டில் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வழி

தராசால் எண்ணும் முறையைப் பார்க்கத் தோட்டா எதற்கு? உண்டியல் போதும்.

2013இல் அறிமுகமான மூன்றாம் வரிசை 1 வெள்ளி நாணயம் 7.62 கிராம். பத்து நாணயங்களைச் சமையலறைத் தராசில் வையுங்கள். உண்மையான எடை 76.2, திரையில் 76. இப்போது உண்டியலில் இருக்கும் 1 வெள்ளி நாணயங்கள் எல்லாவற்றையும் நிறுத்து, எத்தனை என்று கணக்குப் போடுங்கள். பிறகு கையால் எண்ணி ஒப்பிடுங்கள்.

அடுத்து, 50 நாணயங்களை மாதிரியாக வைத்து அதையே திரும்பச் செய்யுங்கள். விடை எவ்வளவு நெருங்குகிறது என்று பாருங்கள்.

கடைசியாக, இரண்டாம் வரிசை 1 வெள்ளி நாணயங்கள் சிலவற்றைக் கலந்துவிடுங்கள். அவை புதியவற்றைவிட லேசானவை. கணக்கு எப்படிக் குழம்புகிறது என்பது உடனே தெரியும். கலப்புக் கூடு மூட்டையின் கதையும் அதுதான்.

தீபாவளிக்கு அகல்விளக்கு, திருமணத்துக்குத் தாம்பூலப் பை, வகுப்புக்கு மணிகள் என்று எதை மொத்தமாக வாங்கினாலும் மூன்று கேள்விகள் போதும். எல்லாம் ஒரே மாதிரிதானா? மாதிரி போதுமான அளவு பெரிதா? நான் தேடும் தவறு தராசில் தெரியக்கூடிய அளவுக்குப் பெரிதா?

மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் தராசை நம்புங்கள். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் உட்கார்ந்து எண்ணுவதுதான் வழி.